மடங்கும் கண்ணாடியின் முனகல்

நேயர்களே, பொறிகள் பேசுவதில்லை என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் அவை ஓயாமல் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. காது கொடுப்பவர்தாம் குறைவு. கிணற்றுச் சகடை கிறீச்சிட்டால் அது எண்ணெய் கேட்கிறது என்பது நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்தது. மாட்டு வண்டியின் அச்சு முனகினால், வைக்கோற் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த மையை எடுத்துக்கொண்டு வண்டிக்காரர் கீழே இறங்கிவிடுவார். இன்று சகடையும் அருகிவிட்டது. மாட்டு வண்டியும் அருகிவிட்டது. வாசலில் மோட்டார் கார் நிற்கிறது. அதன் முன்கதவுகள் இரண்டிலும் காதுகளைப்போலப் பக்கக் கண்ணாடிகள் துருத்திக்கொண்டிருக்கின்றன. பொத்தானை அழுத்தினால் அவை தாமே மடங்கிக்கொள்கின்றன; மீண்டும் அழுத்தினால் தாமே விரிகின்றன. அவ்வாறு மடங்கும்போதும் விரியும்போதும் எழும் ஓசைகளைப் பற்றியும், அவற்றைத் தீர்க்கும் வழிகளைப் பற்றியுமே இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

"கண்ணாடி சற்று முனகினால் என்ன குடி முழுகிப்போயிற்று? வண்டி ஓடுகிறதல்லவா?" என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வியே. அதற்கு விடை காண்பதற்கு முன், இக்கண்ணாடி கதவில் வந்து அமர்ந்த வரலாற்றைச் சிறிது பார்ப்போம்.

1909 ஆம் ஆண்டில், இங்கிலாந்தைச் சேர்ந்த டாரதி லெவிட் என்னும் பெண்மணி, கார் ஓட்டும் பெண்களுக்காக ஒரு நூல் வெளியிட்டார். ஒரு கைக்கண்ணாடியை உடன் வைத்துக்கொண்டு, வேண்டும்போது அதை உயர்த்திப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்த்துக்கொள்ளும்படி அந்நூலில் அவர் சொன்னார். 1911 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ் நகரில் ஐந்நூறு மைல் கார்ப் பந்தயம் நடந்தது. மற்றவர்கள் பின்னால் வருவோரைக் கவனித்துச் சொல்வதற்கென ஒரு மெக்கானிக்கை அருகில் அமர்த்திக்கொண்டார்கள். ரே ஹாரூன் என்பவரோ தனியொருவராக அமர்ந்து, தம் முன்னால் ஒரு கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு ஓட்டிப் பந்தயத்தில் வென்றார். ஆனால் செங்கல் பாவிய அந்தத் தடத்தின் அதிர்ச்சியில் கண்ணாடி நடுங்கிக்கொண்டே இருந்ததால், அதில் எதையும் சரியாகக் காண இயலவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னதாகக் கூறுவார்கள். நிலையாக நில்லாத கண்ணாடி, கண்ணாடி இல்லாமைக்கு ஒப்பானது என்ற பாடம் அன்றே கிடைத்துவிட்டது.

மடங்கும் கண்ணாடிக்கு வருவோம். ஜப்பான் நாட்டில் 1983 ஆம் ஆண்டு வரையில் உள்நாட்டுக் கார்களின் கண்ணாடிகள் கதவில் அல்ல, முன்சக்கரங்களுக்கு மேலேயே பொருத்தப்பட்டு வந்தன. அவ்வாண்டில் விதி தளர்ந்து, கண்ணாடி கதவுக்கு வந்தது. வந்த உடனேயே ஒரு சங்கடமும் வந்தது. குறுகிய தெருவிலும் நெருக்கமான நிறுத்துமிடத்திலும் வெளியே நீண்ட கண்ணாடி இடிபட்டது. ஆகவே 1984 ஆம் ஆண்டில் நிஸ்ஸான் லாரல் என்னும் காரில் மின்சாரத்தால் மடங்கும் கண்ணாடி தோன்றியது. அன்று புதுமையாக இருந்தது, இன்று நடுத்தர விலைக் கார்களிலும் சாதாரணமாகிவிட்டது. நமக்கும் அது வேண்டியதே. நான் வசிக்கும் திருவரங்கத்தில் கோயிலைச் சுற்றிய வீதிகள் அகலமானவை. அவற்றை இணைக்கும் சந்துகளோ குறுகியவை. அங்கே வண்டியை நிறுத்துவோர் கண்ணாடியை மடக்காமற் போனால், போகிற வருகிற சைக்கிளும் ஆட்டோவும் அதை மடக்கிவிட்டுப் போகும். தேன்சிட்டு கூடத் தன் நிழலைப் பகைவன் என்று கருதிக் கண்ணாடியைக் கொத்திக்கொண்டிருக்கும்.

இனி, அக்கண்ணாடிக் கூட்டினுள் இருப்பது என்ன என்று காண்போம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு பெட்டி; அதனுள் பன்னிரண்டு வோல்ட் மின்சாரத்தில் ஓடும் ஒரு சிறு மோட்டார். மோட்டார் வெகு வேகமாகச் சுழலும். ஆனால் வலு குறைந்தது. கண்ணாடியோ மெதுவாகவும் வலுவாகவும் திரும்ப வேண்டும். வேகத்தைக் கொடுத்து வலுவை வாங்கும் இந்தப் பண்டமாற்றைப் பற்சக்கரங்கள் செய்கின்றன. மோட்டாரின் தண்டில் திருகாணியைப்போலப் புரி வெட்டியிருக்கும். அப்புரி ஒரு பற்சக்கரத்தைச் சுழற்றும். அச்சக்கரத்தோடு இணைந்த இன்னொரு புரி, கடைசியிலுள்ள பெரிய பற்சக்கரத்தோடு பொருந்தும். அப்பெரிய சக்கரம், கதவோடு பிணைந்து நிற்கும் ஒரு தண்டைப் பற்றிக்கொண்டு அசையாமல் நிற்கிறது. மோட்டாரைச் சுமந்த கூடுதான் அதைச் சுற்றி நகர்கிறது. செக்கு நிற்க, மாடு சுற்றி வருவதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

இங்கே இரண்டு நுட்பங்களை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். முதலாவது, பெரிய சக்கரத்துக்கும் தண்டுக்கும் இடையேயுள்ள பிடிப்பு. அது ஒருவகைக் கிளட்ச். ஒரு தட்டின் மேடுகள் மற்றொரு தட்டின் பள்ளங்களில் அமர்ந்திருக்க, வலிய சுருள்வில் ஒன்று அவற்றை அழுத்திக்கொண்டிருக்கும். யாரேனும் கூட்டை இடித்தால், மேடுகள் பள்ளத்தைவிட்டு ஏறி வழுக்கும், கூடு வளைந்துகொடுக்கும், உள்ளே இருக்கும் பற்கள் முறியாமல் தப்பும். இரண்டாவது, மோட்டார் எப்போது நிற்க வேண்டும் என்று தீர்மானிக்கும் முறை. கூடு தன் எல்லையைத் தொட்டுத் தடைபட்டதும், மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் உயரும். "எல்லை வந்துவிட்டது" என்று அவ்வுயர்வால் உணர்ந்து மின்சுற்று மோட்டாரை நிறுத்திவிடும். பல கார்களில் இருப்பது இம்முறையே. சில கார்களில் இத்தனை நொடி என்ற காலக்கணக்கும் உண்டு. இவ்விரண்டையும் அறிந்தவருக்குக் கண்ணாடியின் பேச்சு பாதி புரிந்துவிடும்.

என்னிடம் படித்து, இப்போது மோட்டார்ப் பட்டறை நடத்தும் ஒருவர் எப்போதும் சொல்வார்: "சார், ஸ்பானரை எடுக்கிறதுக்கு முன்னாலே காதைத் தீட்டிக்கணும்." அவர் சொல்லை ஏற்று, முதலில் கேட்கும் முறையைச் சொல்கிறேன். தெரு அடங்கிய வேளையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை ஓட்டாமல், மின்சாரத்துக்கான நிலையில் மட்டும் சாவியை வையுங்கள். ஒருவர் உள்ளே அமர்ந்து பொத்தானை அழுத்தட்டும். மற்றவர் கண்ணாடியின் அருகில் நின்று கேட்கட்டும். முதலில் ஓசையில்லாத பக்கத்தைக் கேளுங்கள். பிறகு ஓசையுள்ள பக்கத்தைக் கேளுங்கள். ஒரே காரில் ஆரோக்கியமான கண்ணாடியும் நோயுற்ற கண்ணாடியும் அருகருகே இருப்பது நமக்கு வாய்த்த பெரும் வசதி. சரியான பதிலை அருகில் வைத்துக்கொண்டு தவறான பதிலைத் திருத்துவதைப்போல இது.

அவ்வாறு கேட்டால், ஓசைகள் நான்கு வகையாகப் பிரியும்.

முதல் வகை, மடங்கும் நேரம் முழுவதும் நீளும் முனகல் அல்லது கிறீச்சொலி. கரும்பலகையில் சுண்ணக்கட்டி கிறீச்சிடுவதை நாம் எல்லோரும் கேட்டுப் பல் கூசியிருக்கிறோம். கட்டி பலகையைப் பற்றிக்கொள்கிறது, கை தள்ளவே நழுவுகிறது, மறுபடி பற்றுகிறது, மறுபடி நழுவுகிறது. ஒரு நொடியில் பல நூறு முறை நிகழும் இந்தப் பற்றலும் நழுவலுமே ஓசையாகிறது. பிடில் நரம்பில் வில் எழுப்பும் நாதத்துக்கும் காரணம் இதுவே. கண்ணாடிக் கூடும் அதன் அடித்தளமும் உராயும் மூட்டில் தூசு புகுந்து, ஆலையில் இட்ட மசகு வற்றிவிட்டால், அங்கும் இதே கூத்து நடக்கிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே மணற்பாங்கான தீவில் வாழும் எங்களுக்கு, ஆடிக் காற்று இந்தத் தூசைத் தாராளமாக வழங்குகிறது.

இரண்டாம் வகை, விரியும்போதோ மடங்கும்போதோ ஒரே ஒரு முறை கேட்கும் "டக்" என்னும் ஒலி. இது பெரும்பாலும் நோயன்று. யாரோ கையால் கண்ணாடியை மடக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். கிளட்சின் மேடும் பள்ளமும் இடம் மாறிவிட்டன. இப்போது மோட்டார் ஓடி அவற்றை மீண்டும் பொருத்துகிறது. பொருந்திய ஒலியே அது.

மூன்றாம் வகை, "டக்டக்டக்" என்று தொடர்ந்து ஒலிப்பது. ஒரு முறை மடக்கி விரித்தும் இது நிற்கவில்லையென்றால், பற்சக்கரத்தில் பல் முறிந்திருக்கிறது, அல்லது கிளட்ச் தன் இடத்தில் அமர மறுக்கிறது என்று கொள்ளலாம்.

நான்காம் வகை, மோட்டார் "உய்" என்று ஓடிக்கொண்டே இருக்க, கண்ணாடி அசையாமல் நிற்பது. உள்ளே பற்கள் வழித்துப்போயின. மோட்டாருக்கும் கூட்டுக்கும் தொடர்பு அற்றுவிட்டது என்பது பொருள். தடை ஏற்படாததால் மோட்டாருக்கு எல்லையும் தெரிவதில்லை.

முதல் வகையை உறுதிசெய்ய மிக எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு குவளைத் தண்ணீரை மூட்டின்மேல் மெதுவாக ஊற்றிவிட்டு, பொத்தானை அழுத்துங்கள். ஓசை அடங்கினால் அல்லது வெகுவாகக் குறைந்தால், குற்றம் வெளி மூட்டில் இருக்கிறது. தண்ணீர் சிறிது நேரத்துக்கு மசகாக நின்றிருக்கிறது. ஓசை மாறவே இல்லையென்றால், குற்றம் பெட்டிக்குள் இருக்கக்கூடும். மழை நாளில் வாய் மூடிக்கொண்டு வெயில் நாளில் முனகும் கண்ணாடி, இச்சோதனையைத் தானே செய்துகாட்டுகிறது.

அடுத்து, பரிகாரம். வெளி மூட்டின் முனகலுக்குப் பட்டறை வேண்டியதில்லை, வாசலிலேயே செய்துகொள்ளலாம். கார் கழுவும் சோப்பு நீரும், பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். கண்ணாடி விரிந்த நிலையில் மூட்டின் இடுக்கை ஒரு முறையும், மடங்கிய நிலையில் ஒரு முறையும் தேய்த்துக் கழுவுங்கள்; ஒரு நிலையில் மறைந்திருக்கும் இடுக்கு மறு நிலையில் வெளிப்படும். நல்ல நீரை ஊற்றி மணலை வெளியேற்றுங்கள். நீரை வேகமாகப் பீச்சியடிக்க வேண்டாம். தூசு உள்ளேதான் போகும். பிறகு துணியால் ஒற்றி, நன்றாக உலர விடுங்கள்.

உலர்ந்தபின் சிலிக்கோன் ஸ்பிரே என்று மோட்டார் சாமான் கடைகளில் விற்பதை வாங்கி, அதன் மெல்லிய குழாயை இடுக்கில் வைத்து, சிறிதளவு செலுத்துங்கள். கண்ணாடியின் முகத்தில் படாதபடி ஒரு காகிதத்தால் மறைத்துக்கொள்ளுங்கள். விரிந்த நிலையிலும் மடங்கிய நிலையிலும் செலுத்தியபின், பொத்தானால் ஐந்தாறு முறை மடக்கி விரியுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையே சற்று ஓய்வு கொடுங்கள். அந்தச் சிறு மோட்டார் தொடர்ந்து ஓடினால் சூடேறிவிடும். வழிந்ததைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. எஞ்சின் எண்ணெயையும் சமையல் எண்ணெயையும் இம்மூட்டில் விடக்கூடாது. வண்டி மையை ஏற்றது மரமும் இரும்பும். இங்கே இருப்பதோ பிளாஸ்டிக்கும் ரப்பரும். பெட்ரோலிய எண்ணெய் பட்டால் சிலவகை ரப்பர் உப்பிவிடும். அன்றியும் பிசுபிசுப்பான எண்ணெய் தூசைப் பிடித்துவைக்கும். எண்ணெயும் மணலும் குழைந்த சாந்து, உப்புத்தாள் செய்யும் வேலையைச் செய்யும். துருவை இளக்குவதற்கென விற்கும் மெல்லிய எண்ணெய்கள் அன்றைக்கு ஓசையை அடக்கினாலும், விரைவில் உலர்ந்துபோய்ப் பழைய நிலையையே கொண்டுவரும்.

இரண்டாம் வகையாகிய ஒற்றை "டக்"குக்கு மருந்து, பொத்தான்தான். முழுதும் மடக்கி, முழுதும் விரித்து, இரண்டு மூன்று முறை செய்தால் பொருத்தம் திரும்பிவிடும். அதன்பின், மின்சாரத்தால் மடங்கும் கண்ணாடியைக் கையால் மடக்குவதை வீட்டார் அனைவரும் விட்டுவிட வேண்டும்.

மூன்றாம், நான்காம் வகைகள் பெட்டியைத் திறந்து தீர்க்க வேண்டியவை. கண்ணாடியைக் கழற்றும்போது அது உடைந்து கையைக் கிழிக்கலாம். அதன் பின்னால் சூடேற்றும் கம்பிகள் இருக்கலாம். பெட்டிக்குள் அழுத்தப்பட்ட சுருள்வில் விடுபட்டால் கண்ணுக்கே ஆபத்து. ஆகவே இதைக் கைப்பழக்கம் உள்ளவரிடம் விடுவதே அறிவுடைமை. ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். "கண்ணாடித் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டுமா, மடக்கும் மோட்டார்ப் பெட்டியை மட்டும் மாற்ற முடியுமா, அல்லது பற்சக்கரம் மட்டும் தனியே கிடைக்குமா?" என்று கேளுங்கள். பல கார்களுக்குப் பெட்டி தனியே கிடைக்கிறது; சிலவற்றுக்கு உலோகப் பற்சக்கரமும் கிடைக்கிறது. கூட்டுக்குள் காமிரா பொருத்திய வண்டியாயின், வேலை முடிந்தபின் அதன் பார்வையைச் சரிபார்த்துத் தரும்படியும் சொல்ல வேண்டும்.

இப்போது, முனகினால் என்ன என்ற கேள்விக்கு வருகிறேன். என் அண்டை வீட்டு நண்பர் ஒருவருடைய காரின் இடக் கண்ணாடி சில மாதங்களாக முனகிவந்தது. ஒரு பட்டறையில் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஓய்வூதியத்தில் குடும்பம் நடத்துபவர் அவர். தொகையைக் கேட்டுத் திரும்பிவிட்டார். நாளடைவில் அக்கண்ணாடி விரியும்போது, எல்லைக்குச் சற்று முன்னதாகவே நிற்கத் தொடங்கியது. அவர் அதைக் கவனிக்கவில்லை. பார்ப்பதற்கு அது விரிந்தாற்போலவே இருந்தது. ஒரு நாள் மாலை, நான் அவருக்கு இடப்புறம் அமர்ந்திருக்க, அவர் ஒரு சந்தில் இடப்பக்கம் திரும்பினார். பள்ளி விட்டு வந்த சிறுமி ஒருத்தி சைக்கிளில் எங்களை ஒட்டி வந்துகொண்டிருந்தாள். "நிறுத்துங்கள்" என்று நான் கூவினேன். வண்டி நின்றது, சிறுமி மணியடித்துக்கொண்டே கடந்துபோனாள். "கண்ணாடியில் ஒருவரும் இல்லையே, ஐயா!" என்றார் நண்பர். அவர் சொன்னது பொய்யன்று. கண்ணாடியில் அவள் இல்லை.

ஏன் இல்லை என்பதைக் கணக்குச் சொல்லும். ஒரு கண்ணாடி ஒரு பாகை திரும்பினால், அதில் பட்டு மீளும் ஒளி இரண்டு பாகை திரும்பும் என்பது பள்ளிக்கூடப் பாடம். கண்ணாடி தன் இடத்துக்கு 3 பாகை குறைவாக நின்றால், பார்வை 6 பாகை விலகும். 20 மீட்டர் பின்னால் அவ்விலகல் ஏறக்குறைய 2 மீட்டர் ஆகும். ஒரு சைக்கிளும் அதை ஓட்டுபவரும் முழுமையாக மறைந்துபோக அந்த அகலம் தாராளமாகப் போதும். கண்ணாடி ஏன் முன்னதாக நின்றது? மூட்டில் உராய்வு மிகுந்தது; அதனால் மோட்டார் இழுத்த மின்னோட்டம் உயர்ந்தது; எல்லை வந்துவிட்டது என்று மின்சுற்று கருதிவிட்டது. முனகலாகக் கேட்ட அதே உராய்வுதான் பார்வையையும் திருப்பிவிட்டது. அன்று மாலையே நாங்கள் இருவரும் குவளைத் தண்ணீர்ச் சோதனையைச் செய்தோம், ஓசை அடங்கிற்று. மறுநாள் காலையில் கழுவி, உலர்த்தி, மசகிட்டோம். கண்ணாடி தன் எல்லைவரை சென்று நின்றது. செலவானது ஒரு சிலிக்கோன் டப்பாவின் விலையும் ஒரு காலைப்பொழுதுமே.

ஆகவே நேயர்களே, உங்கள் காரின் கண்ணாடி முனகத் தொடங்கினால், அன்றைக்கே அதைக் கேளுங்கள். வாரம் ஒரு முறை வண்டியைக் கழுவும்போது அம்மூட்டிலும் ஒரு குவளை நீர் ஊற்றுங்கள். புறப்படுமுன் இரு கண்ணாடிகளும் முழுதும் விரிந்திருக்கின்றனவா, வண்டியின் பின்புற ஓரமும் பக்கத்துச் சாலையும் அவற்றில் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குச் சில நொடிகளே ஆகும். நம் இடப்புறத்தில் நம்மை நம்பி வருகிறவர்களுக்கு அந்தச் சில நொடிகளை நாம் கடன்பட்டிருக்கிறோம்.